அம்மாவோட 555 புத்தகத்த வெப் பேஜா மாத்துறேன் – கோடிங் கெலாஸ், முதல் வாரம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு கடைவீட்டு மாடியில பொம்பளைங்களுக்குன்னே ஒரு கோடிங் பூட்கேம்ப் (குறுகிய கால பயிற்சி) நடக்குது, நானும் சேந்திருக்கேன். முதல் வாரம் முடியறதுக்குள்ள ஆளுக்கு ஒரு சின்ன பேஜ் செஞ்சு காட்டணும்னுட்டாங்க, டீச்சர் காட்டுன மாதிரி டூ-டூ லிஸ்ட் செஞ்சா போதும். எனக்கு அதுல மனசு ஒட்டல. எழுதி வைக்க ஃபோன்லயே ஆயிரம் எடம் இருக்கு, அத நான் எதுக்கு மறுபடி செய்யணும்? எங்க வீட்டுல தீபாவளி நெருங்குனா அம்மா முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டைன்னு பாலாங் (ஜாடி) கணக்குல ஆர்டர் எடுப்பாங்க, செவப்பு மூடி போட்ட அதே பிளாஸ்டிக் பாலாங்தான், கணக்கு பூரா ஒரு 555 புத்தகத்துல (உள்ளங்கை அளவு சின்ன நோட்டு) கெடக்கும். சரி, அந்த புத்தகத்தயே எடுத்துக்குவோம்னு முடிவு பண்ணேன். பேஜ் எப்படி வந்துச்சு, எங்க சிக்குச்சு, எப்படி அவுந்துச்சுன்னு இங்க எழுதி வைக்கிறேன், புதுசா கத்துக்க நெனக்கிறவங்களுக்கு ஒதவும்.

சாமான்னு பாத்தா பெருசா ஒன்னும் இல்ல. ஈப்போவுல செகண்ட்ஹேண்ட் கடையில வாங்குன பழைய லெப்டாப், 8 ஜிபி ரேம், இந்த வேலைக்கு அது தாராளம். எழுதுறதுக்கு விஎஸ் கோட், இலவசம். பாக்குறதுக்கு குரோம். விஎஸ் கோட் எறக்குறதுக்கு முன்னாடி நோட்பேட்லயே எழுதலாம்னு பக்கத்து சீட்டு அக்கா ஆரம்பிச்சாங்க, சேவ் பண்ணி டபுள் கிளிக் பண்ணா பிரௌசர்ல தொறக்காம திரும்ப நோட்பேட்லயே வந்து நிக்குது. விண்டோஸ் ஃபைல் பேரோட வால மறைச்சு வைக்கிறதாலதான் இந்த கூத்து. வெளிய பாத்தா இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல், உள்ள பாத்தா அதுக்குப் பின்னாடி டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ போயி ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்குறத டிக் பண்ணிட்டா வால் தெரிஞ்சிடும், பேர மாத்திக்கலாம். முதல்லயே டிக் பண்ணி வச்சிடுங்க.

கெலாஸ் காலையில ஒம்போதரைக்கு, பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற நேரம் பாத்து வச்சிருக்காங்க, ஸ்கூல் பஸ் வர்றதுக்கு முன்னாடி விட்டுடுவாங்க. இந்த ஒரு விசயத்துக்கே டீச்சருங்களுக்கு கும்புடு போடலாம், எத்தன கோர்ஸ் ராத்திரி எட்டு மணிக்கு வச்சுட்டு பொம்பளைங்க வர மாட்டேங்குறாங்கன்னு சொல்றாங்க. ஃபேக்டரி ஷிஃப்ட் விட்டு வந்தவங்க, டியூஷன் எடுக்குறவங்க, கடைக்கு கணக்கு எழுதுற சீனத்தி ஆன்ட்டி, கைக்கொழந்தையோட ஒரு மலாய்க்கார அக்கா, எல்லாம் கலந்து கட்டி. பாடம் மலாய் பாதி இங்கிலீஷ் பாதி, பின் வரிசையில எங்களுக்குள்ள தமிழ். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, ஒருத்தங்க டைப் பண்ணணும் இன்னொருத்தங்க வாயால சொல்லணும், சொல்றவங்க கீபோர்ட தொடக்கூடாதுன்னு சட்டம். முதல்ல இது என்ன சின்னப்புள்ள வெளையாட்டுன்னு தோணுச்சு. வீட்டுல நமக்கு "ஹெல்ப்" பண்றேன்னு வர்ற ஆம்பளைங்க எல்லாரும் கீபோர்ட புடுங்கிதான் ஹெல்ப் பண்ணுவாங்க, நமக்கு கடைசி வரைக்கும் கை பழகாது. அத யோசிச்சா இந்த சட்டம் நல்ல சட்டம்.

எச்டிஎம்எல் (பேஜ்ல என்னென்ன இருக்கணும்னு எழுதுற மொழி) பத்தி நெறைய சொல்ல ஒன்னும் இல்ல, ஒரு காலைல புரிஞ்சிடும். தலைப்பு, பத்தி, பட்டன், இன்புட் எல்லாத்துக்கும் ஒரு டேக், தொறந்தா மூடணும் (இன்புட், மெட்டா மாதிரி சிலதுக்கு மூடற டேக் கெடையாது). தமிழ்ல எழுதுறவங்க ரெண்டு வரிய மட்டும் மேல ஹெட் பகுதியில மறக்காம போடுங்க. ஒன்னு மெட்டா சார்செட் யூடிஎஃப்-8. ஒவ்வொரு தமிழ் குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8ல 3 பைட், அந்த வரி இல்லாம பிரௌசர் தப்பா ஊகிச்சுதுன்னா ஒவ்வொரு பைட்டயும் தனித்தனி எழுத்தா படிக்கும், அம்மாவோட முறுக்கு ஏதோ பிரெஞ்சுக்காரன் கிறுக்குன மாதிரி ஆயிடும். இன்னொன்னு மெட்டா வியூபோர்ட். அது இல்லன்னா ஃபோன் பிரௌசர், பேஜ 980 பிக்சல் அகலம்னு நெனச்சு வரைஞ்சு, அப்புறம் சின்ன ஸ்கிரீனுக்குள்ள அமுக்கிடும், எழுத்து எறும்பு சைஸ்ல வரும். அம்மா கண்ணாடிய தேடவே பாதி நாள் போயிடும். லெப்டாப்ல அழகா இருந்துச்சு ஃபோன்ல ஏன் இப்படின்னு கெலாஸ்ல பாதி பேரு கேட்டது இந்த ஒரு வரிக்காகத்தான்.

பேஜோட அழகு பாக்குற சிஎஸ்எஸ்க்கு ஒரு நாள் குடுத்தாங்க. கலர்ல வெளையாடிக்கிட்டே நேரம் போயிடுது, அதான் ஆபத்து. நான் பட்டன பெருசாக்குனேன், எழுத்த பெருசாக்குனேன், பாக்ஸ்-சைசிங்க பார்டர்-பாக்ஸ்னு வச்சேன், அத வைக்கலன்னா அகலம் 100 விழுக்காடுன்னு குடுத்த பெட்டி கூட பேடிங் (உள்ள விடுற இடைவெளி) சேந்து ஸ்கிரீன தாண்டி வெளிய தலைய நீட்டும். அதோட நிறுத்திட்டேன்.

பேஜ வேலை செய்ய வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட்லதான் சங்கதி இருக்கு. 1995ல நெட்ஸ்கேப் கம்பெனியில பிரெண்டன் ஐக் இதோட முதல் வடிவத்த 10 நாள்ல எழுதுனாராம், அந்த அவசரம் இன்னிக்கும் சில எடத்துல எட்டிப் பாக்குதுன்னு டீச்சர் சொன்னப்ப சிரிச்சோம், அன்னிக்கு மத்தியானமே நேர்ல பாத்தாச்சு. பேஜ்ல ரெண்டு இன்புட், முறுக்கு எத்தன, நெய் உருண்டை எத்தன. 2ன்னும் 3ன்னும் போட்டு மொத்த பாலாங் எத்தனன்னு கூட்டச் சொன்னா 23ன்னு சொல்லுது. இன்புட் பெட்டியில நம்பர் மட்டும்தான் டைப் பண்ண முடியும்னு வச்சிருந்தாலும், அதுலேர்ந்து வர்ற வேல்யூ எப்பவும் எழுத்து, ஸ்டிரிங். ரெண்டு எழுத்துக்கு நடுவுல கூட்டல் குறி போட்டா பக்கத்துல பக்கத்துல ஒட்டிடும். குழப்பம் எங்கன்னா, பெருக்கல் குறி போட்டா அதே எழுத்த தானா நம்பரா மாத்திக்கிட்டு சரியான விடைய குடுக்கும். அதனால ஒவ்வொரு வரியிலயும் வெல தப்பில்லாம வருது, கடைசி கூட்டல்ல மட்டும் வில்லங்கம், எங்கன்னு தேடுறதுக்குள்ள தல சுத்திடும். இன்புட்லேர்ந்து எடுக்குற எடத்துலயே நம்பர்ங்கிற ஃபங்ஷனுக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டா தொல்லை தீந்துச்சு. பெட்டி காலியா இருந்தா அது 0ன்னு எடுத்துக்கும், நமக்கு அதுதான் வேணும். பார்ஸ்இன்ட் போட்டா காலி பெட்டிக்கு "நம்பர் இல்ல"ங்கிற அர்த்தத்துல நேன்னு குடுக்கும், பில்லுல "நேன் வெள்ளி"ன்னு வந்து நிக்கும் (ரிங்கிட்டத்தான் நாங்க வெள்ளின்னு சொல்றது).

அப்புறம் ஒரு செவப்பு எரர், "நல்"லோட (null, ஒன்னும் இல்லன்னு அர்த்தம்) ப்ராப்பர்ட்டிய படிக்க முடியலன்னு. கெலாஸ்ல பாதிப் பேருக்கு ஒரே நேரத்துல. ஸ்கிரிப்ட்ட மேல ஹெட்ல போட்டா, கீழ பட்டன் வரையறதுக்கு முன்னாடியே கோட் ஓடி அந்த பட்டன தேடுது, இல்லாத பட்டன எப்படி கண்டுபிடிக்கும்? ஸ்கிரிப்ட்ட தனி ஃபைலா வச்சு, அதோட டேக்ல டிஃபர்னு ஒரு வார்த்தை சேத்தா பேஜ் முழுக்க படிச்சு முடிச்ச அப்புறம்தான் ஓடும். எரர் வந்தா பயந்து மூடிடாம எஃப்12 அமுக்கி கன்சோல்ல எந்த ஃபைல் எந்த வரின்னு வலது பக்கம் பாருங்க, பத்துல எட்டு தடவ அங்கயேதான் இருக்கு.

லூப் (ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யறது) பாடத்துக்கு ஆளாளுக்கு ஒரு உதாரணம் யோசிக்கச் சொன்னாங்க. 1960ல ம.இ.கா. தலைவரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சப்ப, தொரைங்க தோட்டத்த துண்டு துண்டா விக்க ஆரம்பிச்ச காலம், எங்க தாத்தா மாசம் 10 வெள்ளியா 100 வெள்ளி பங்குக்கு கட்டுனவரு, வீட்டுல அடிக்கடி பேசுவாங்க. அத வொயில் லூப்பா எழுதுனேன்: கட்டுனது 100க்கு கீழ இருக்குற வரைக்கும் 10 கூட்டு. பத்து சுத்து சுத்தி நின்னுச்சு. அந்த 10 கூட்டுற வரிய எடுத்துட்டா என்ன ஆகும்னு டீச்சர் செஞ்சு பாக்கச் சொன்னாங்க, டேப் அப்படியே ஒறஞ்சு போச்சு, டேப மூடுறதத் தவிர வழி இல்ல. தாத்தா காசே கட்டாம சங்கத்துல பேரு மட்டும் இருக்கு, அதான் அர்த்தம்.

அரேன்னு ஒன்னு, அதுக்குள்ள ஆப்ஜெக்ட்டுன்னு ஒன்னு, இத முதல்ல சொன்னப்ப பின் வரிசை மொத்தமா முழிச்சுது. தோட்டத்துல கிராணி (கணக்குப்பிள்ளை) வச்சிருப்பாரே செக்ரோல், ஒரு வரிக்கு ஒரு ஆளு, குறுக்க பேரு, நாள், ரப்பர் பால் எத்தன கிலோன்னு கட்டம் கட்டமா, அதான் இது. செக்ரோல் முழுசும் அரே, ஒரு வரி ஒரு ஆப்ஜெக்ட். இத சொன்னவுடனே தோட்டத்துல பொறந்து வளந்தவங்க எல்லாருக்கும் பட்டுன்னு புடிச்சுக்கிச்சு.

இனிமேதான் நெசமான வேலை. கோட் தெரிஞ்சா மட்டும் பேஜ் வந்துடாது, அம்மா மண்டையில இருக்குற கணக்கு வெளிய வரணும். ராத்திரி அம்மாவோட உக்காந்து 555 புத்தகத்த பெரட்டுனேன். எண்ணெய்க் கறை படிஞ்ச பக்கம், "மு 3 நெ 2 பா 1"ன்னு இருக்கும், முறுக்கு 3, நெய் உருண்டை 2, அந்த பா 1ன்னா போன வருசத்து காலி பாலாங் ஒன்னு திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு அர்த்தம், அதுக்கு 1 வெள்ளி கழிவு. பேருக்குப் பக்கத்துல முழு வட்டம்னா காசு வந்துடுச்சு. அரை வட்டம்னா முன்பணம் மட்டும் வந்திருக்கு. பேரு மேல கோடு அடிச்சிருந்தா சாமான் போயிடுச்சு. வட்டம் இல்லாம கோடு மட்டும் இருந்தா, அதான் அம்மா மொறச்சுப் பாக்குற ஆளு. இத்தன விசயத்த ஒரு உள்ளங்கை அளவு பேப்பர்ல இவங்க வச்சிருக்காங்க, நான் எழுதுன முதல் பேஜ்ல பேரு, அயிட்டம், எத்தன, இந்த மூனுதான் இருந்துச்சு. திரும்பவும் ஆப்ஜெக்ட்ட பிரிச்சு எழுதுனேன்: முன்பணம் எவ்வளவு, சாமான் போச்சா, காலி பாலாங் எத்தன. வட்டத்த தனியா வைக்கல, முன்பணமும் பில்லும் சமமா இருந்தா முழு வட்டம், கம்மியா இருந்தா அரை வட்டம், ஒன்னுமே வரலன்னா வட்டம் இல்ல, அத மிஷினே கண்டுபிடிச்சுக்கட்டும்.

"பழைய ஆளுக்கு எவ்வளவுமா கழிப்பீங்க?"

"பத்து விழுக்காடு."

"எல்லா பழைய ஆளுக்குமா?"

"ஆள பாத்துதான்டி."

இந்த ஆள பாத்துங்கிறத எப்படி கோட்ல எழுதுறது? கெலாஸ்ல ஒருத்தங்க, எத்தன வருசமா வாங்குறாங்கன்னு வச்சு அஞ்சு வருசத்துக்கு மேலன்னா 10 விழுக்காடுன்னு இஃப் (இப்படி இருந்தா இத செய்ங்கிற நிபந்தனை) போடுன்னாங்க. அம்மாகிட்ட கேட்டேன், போன மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்து நின்னு பந்தி பரிமாறுன புதுசா குடி வந்த பொண்ணுக்கும் கழிவு உண்டாம், இருவது வருசமா வாங்குற ஒருத்தருக்கு கெடையாதாம், காரணம் கேக்கக்கூடாது. இதுக்கு இஃப் எழுத ஆரம்பிச்சா அடுத்த தீபாவளி வந்துடும். கழிவுன்னு ஒரு பெட்டிய காலியா விட்டுட்டேன், அம்மாவே நம்பர் போட்டுக்கட்டும். முடிவு எடுக்குறது அம்மா, பெருக்கிக் கழிக்கிறது மட்டும் மிஷின். எல்லாத்தயும் கம்பியூட்டர முடிவு பண்ண விடணும்னு ஒரு ஆசை புதுசா கத்துக்குறவங்களுக்கு வருது, அத கொஞ்சம் அடக்கி வச்சா பாதி கோட் கொறஞ்சிடும்.

பாலாங் கழிவு முன்னாடியா, பத்து விழுக்காடு முன்னாடியாங்கிறது அடுத்த பஞ்சாயத்து. அம்மா ஒரு நொடி கூட யோசிக்கல, "பாலாங் காசு அவங்க காசுடி, அதுல நான் என்ன கழிக்கிறது?" அதனால முதல்ல சாமான் வெலையில 10 விழுக்காடு, அப்புறம் பாலாங்குக்கு 1 வெள்ளி. வரிசைய மாத்திப் போட்டா பாலாங் ஒன்னுக்கு 10 காசு வித்தியாசம் வருது, பில்லு பாத்து யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா அம்மாவுக்குத் தெரியும்.

காசுன்னதும் இன்னொன்னு. நெய் உருண்டை பாலாங் 18.90, இந்த தொண்ணூறு காசு என் தங்கச்சி வச்ச வெல, கடைங்கள்ல அப்படித்தான் வைக்கிறாங்களாம், அம்மாவுக்கு இன்னும் அது புடிக்கல. 18.90 பெருக்கல் 3 எவ்வளவு? 56.70. ஜாவாஸ்கிரிப்ட் சொல்றது 56.699999999999996. கம்பியூட்டர் நம்பர ரெண்டின் அடுக்குலதான் வைக்குது, நம்ம தசம எண்ணுல பாதிக்கு மேல அதுல சுத்தமா உக்காராது, ஒரு துளி அங்க இங்க தட்டும். டூஃபிக்ஸ்டு போட்டு ரெண்டு தசமத்துக்கு ரவுண்ட் பண்ணிக் காட்டலாம், ஆனா அது திருப்பிக் குடுக்குறது ஸ்டிரிங், அத வச்சு திரும்ப கூட்டுனா மறுபடியும் அந்த 23 கதை. டீச்சர் சொன்ன வழி, எல்லாத்தயும் காசா வச்சுக்கோ, வெள்ளிய மறந்துடு. 18.90ன்னு எழுதாம 1890. கணக்கு முழுக்க முழு எண்ணு, கடைசியா ஸ்கிரீன்ல காட்டும்போது மட்டும் 100ஆல வகுத்து டூஃபிக்ஸ்டு.

காசா வச்சதுல இன்னொரு லாபம். நம்ம நாட்டுல 2008 ஏப்ரல் 1லேர்ந்து ரொக்கமா குடுத்தா மொத்த பில்ல பக்கத்து 5 காசுக்கு ரவுண்ட் பண்ணணும், ஒரு காசு நாணயம் பொழக்கத்துல கெடையாதுல்ல. 3 நெய் உருண்டை 5670 காசு, பத்து விழுக்காடு போனா 5103. 5ஆல வகுத்து மேத் டாட் ரவுண்ட் போட்டு திரும்ப 5ஆல பெருக்குனா 5105. ரொக்கம்னா 51.05, டச் அண்ட் கோ இ-வாலட்ல அனுப்புனா அதே 51.03தான், ரவுண்டிங் ரொக்கத்துக்கு மட்டும். அதனால ரொக்கமா இல்லையான்னு ஒரு டிக் பெட்டி வச்சேன். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனித்தனியா ரவுண்ட் பண்ணாதீங்க, கடைசி மொத்தத்துக்கு மட்டும் ஒரு தடவ.

பில்ல வாட்சப்ல அனுப்ப ஒரு பட்டன் வச்சது எனக்கே புடிச்ச பகுதி. டபிள்யூஏ டாட் எம்ஈ லிங்குக்குப் பின்னாடி ஃபோன் நம்பர், கேள்விக்குறி, டெக்ஸ்ட் ஈக்குவல்ஸ், அப்புறம் மெசேஜ். நம்பர்ல முன்னாடி இருக்குற 0வ எடுத்துட்டு 60 போடணும், பிளஸ் குறி வேணாம். தமிழ் மெசேஜ என்கோட்யூஆர்ஐகாம்போனன்ட்ங்கிற ஃபங்ஷன்ல போட்டுதான் அனுப்பணும். அது என்ன பண்ணுதுன்னு கன்சோல்ல பாத்தேன், முறுக்குங்கிற வார்த்தை நம்ம கண்ணுக்கு 4 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்ட லெங்த் கேட்டா 8ங்குது, ஏன்னா உகரமும் புள்ளியும் தனித்தனி குறியீடு. லிங்குல போகும்போது அதுல ஒவ்வொன்னும் 9 கேரக்டரா விரிஞ்சு 72 ஆயிடுது. போற எடத்துல சரியா முறுக்காதான் தெரியுது, ஆனா பேரு பெட்டிக்கு இத்தன எழுத்துக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு வைக்கிறவங்க தமிழ் பேருக்கு அந்த லெங்த்த நம்பி வைக்காதீங்க, பாதிப் பேரு வெட்டுப்படும்.

கிட் (கோட்ல செஞ்ச மாத்தத்த பதிஞ்சு வைக்கிற டூல்) பத்தி சுருக்கமா: ஆட், கமிட், புஷ், இந்த மூனுக்கு மேல முதல் வாரத்துல தேவைப்படல. கிட்ஹப் பேஜஸ்ல போட்டா காசில்லாம பேஜ் வெளிய வந்துடும், ஆனா இலவச அக்கவுன்ட்ல ரெப்போவ (கோட் வைக்கிற எடம்) பப்ளிக்கா வச்சாதான் பேஜஸ் ஓடும். புஷ் பண்றதுக்கு முன்னாடி டீச்சர் ஒவ்வொருத்தர் ஸ்கிரீனா பாத்துட்டு வந்தாங்க, டெஸ்ட்டுக்குன்னு அரேல அம்மாவோட கஸ்டமர் பேரும் நம்பரும் உள்ளத உள்ளபடி கெடந்துச்சு, பப்ளிக் ரெப்போவுல யாரு வேணும்னாலும் பாக்கலாம், அப்புறம் அழிச்சாலும் பழைய கமிட்ல அப்படியே இருக்கும். கமிட் பண்றதுக்கு முன்னாடியே எல்லாத்தயும் எடுத்துட்டு "அத்தை 1, அத்தை 2"ன்னு மாத்தியாச்சு. பேஜ் மேல போனதும் வெல மாத்துனா அம்மா ஃபோன்ல பழைய வெலயே காட்டுச்சு, கோட்ல தப்பு இல்ல, கிட்ஹப் பேஜஸ் ஃபைல பத்து நிமிசம் கேஷ்ல (பழைய நகலா) வச்சுக்கச் சொல்லி பிரௌசருக்கு சொல்லுது. கொஞ்சம் பொறுத்து ரிஃப்ரெஷ் பண்ணா வந்துடும்.

இப்போதைக்கு பில் போடுறது, ரவுண்டிங், வாட்சப் மூனும் ஓடுது. பேஜ ரிஃப்ரெஷ் பண்ணா போட்டதெல்லாம் போயிடுது, அதுக்கு பிரௌசருக்குள்ளயே சேத்து வைக்கிற லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கு, அது ஸ்டிரிங்க மட்டும்தான் வச்சுக்கும்கிறதால ஜேசன் ஸ்டிரிங்கிஃபை பண்ணி (எழுத்தா மாத்தி) உள்ள போட்டு பார்ஸ் பண்ணி வெளிய எடுக்கணும், அதுவும் அந்த ஒரு ஃபோன்ல மட்டும்தான் இருக்கும், தங்கச்சி ஃபோன்ல தெரியாது. ரெண்டு ஃபோன்லயும் தெரியணும்னா டேட்டாபேஸ் வேணும், அந்த பாடம் இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் ஆர்டர் 555லதான், பேஜ் பில்லு போட மட்டும்.